எங்கள் சுமோ தோற்ற கதை

தோற்றதைப் பற்றி இவ்வளவு கம்பீரமாகக் கதைக்கிற இன்னொருவனை இந்தச் சுவிஸ் நாடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மற்றவர்கள் வென்ற கதை சொல்வார்கள். எங்கள் சுமோ, தான் தோற்ற கதைதான் சொல்லுவான். "அண்ணை, எதிர்ல நிண்டவன் என்னைத் தூக்கி எறிஞ்ச எறியில நான் போய் ரெண்டாவது வரிசையில இருந்த ஒரு யப்பான்காரியின்ரை மடியில விழுந்தன். மனிசி கோவிக்கேல்லை. உரிச்சுக்கொண்டிருந்த தோடம்பழத்தில பாதியை எனக்குத் தந்தா" என்பான், கோப்பை வாங்கியவனைப் போல.

கூர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கேதான் அவன் பராமரிப்பு உதவியாளனாக வந்து சேர்ந்தான். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் வாசித்து முடித்ததில்லை. நூற்று நாற்பது கிலோ உடம்பைக் கண்ட பிறகு அட்டையைப் பார்க்க யாருக்கும் தோன்றவுமில்லை; சுமோ என்ற பெயரே நிலைத்தது.

பிறந்து வளர்ந்தது இங்கேயே, ஷ்லீரன் என்ற ஊரில். தகப்பன் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. பத்தொன்பது வயதில் இவன் யப்பானில் இருந்த ஒரு சுமோ மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினான். வரச்சொல்லிப் பதில் வந்த அன்று வீட்டில் செத்தவீடுதான்.

"உலகமெல்லாம் சுவிசுக்கு வரத் துடிக்குது. இவன் சுவிசில இருந்து யப்பானுக்கு அடிவாங்கப் போறானாம்!" என்று தகப்பன் தலையில் கைவைத்தார். தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அங்க வெள்ளிக்கிழமையில சைவம் தருவினமோ?"

ஒரு கூடத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரன்தான் என்பது அங்கே சட்டம். அந்த ஒற்றை இடத்துக்குச் சுவிஸ் பையன் வருகிறான் என்று கூடத்தின் தலைவர் காத்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாத்தார், கடிதத்தைப் பாத்தார், திரும்ப என்னைப் பாத்தார். பிறகு பனிமலை எண்டு எனக்குப் பேர் வைச்சார். பாவம், மனிசன் அந்தப் பேரை முதலே யோசிச்சு வைச்சிருக்கவேணும்" என்று சுமோ சொல்லிச் சிரிப்பான்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பவேண்டும். பயிற்சி, கூட்டல், துடைத்தல், சமையல். மூத்தவர்கள் சாப்பிட்டு முடியும் வரை பின்னால் நின்று பரிமாறவேண்டும். புதியவனுக்கு மிஞ்சுவது அடிச்சட்டி. சுமோ கூடத்துக்குப் போய் மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ மெலிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவன் அடித்துச் சொல்லுவான். அதிலும் அவனுக்குப் பெருமைதான்.

சுமோ மல்யுத்தத்தில் மொத்தம் ஆறு படி. எட்டு வருடத்தில் இவன் ஏறியது கீழேயிருந்து மூன்றாவது படி வரைக்கும். அந்தப் படிகளில் ஒரு போட்டித்தொடருக்கு ஏழு ஆட்டம். நாலு வென்றால் உயர்வு. அந்தக் கணக்கை அவன் வாழ்க்கை முழுவதற்கும் வைத்திருந்தான். ஒருநாள் நான் ஏழு சூப் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து மூன்றைக் கீழே போட்டு உடைத்தேன். சமையலறைக்குப் பொறுப்பான அம்மா இடுப்பில் கைவைத்தபடி என்னைப் பார்க்கிறாள். வாசலில் நின்ற சுமோ கை தட்டினான். "ஏழில நாலு தப்பியிருக்கு. வெற்றிதான் அண்ணை!"

அந்த அம்மா அவன் வந்த முதல் நாளே உப்பு டப்பாக்களை அலுமாரியில் பூட்டிவிட்டாள். சுமோக்காரர் களத்தில் உப்பை அள்ளி எறிவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். இவனுக்கு முகம் வாடிவிட்டது. "அது மேல் ரெண்டு படிக்காரர் மட்டும் எறியிறது அண்ணை. நான் எட்டு வருஷமா உப்பு மூட்டை தூக்கினதுதான் மிச்சம். ஒரு கல் எறியேல்லை."

ஜேர்மன் மொழியில் பராமரிப்புப் பரீட்சை வந்தபோது, அன்றைக்கு மாட்டிறைச்சி தொடமாட்டேன், கோழிதான் வேண்டும் என்று நின்றான். ஏனென்று கேட்டேன். "களத்தில கை நிலத்தில பட்டாத் தோல்வி. மாடு நாலு காலில நிக்குது, அது தோத்த மிருகம். கோழி ரெண்டு காலில நிக்குது." கோழி பொரித்துக் கொடுத்தேன். பரீட்சையில் தேறினான்.

முழங்கால் போனதால்தான் யப்பானை விட்டு வந்தான். சுமோக்காரனின் அடையாளமான குடுமியை வெட்டி ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்களாம். அதைப் பற்றிக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்துவான். "முழங்கால்தான் தோத்தது. நான் தோக்கேல்லை."

எங்கள் இல்லத்தில் கதூஃப் என்று ஒரு கிழவர் இருந்தார். எண்பத்து மூன்று வயது. மலைக்கிராமத்து விவசாயி. இளவயதில் ஷ்விங்கன் ஆடியவர். அது இந்த நாட்டு மல்யுத்தம். மரத்தூள் பரப்பிய களத்தில் ஒருவர் காற்சட்டையை மற்றவர் பிடித்துப் புரட்டுவார்கள். கிழவர் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து, அது பொருந்தியும் விட்டது. ஆனால் கட்டிலை விட்டு எழும்ப மறுத்துவிட்டார். "எழும்பினால்தானே விழவேண்டும்" என்பது அவர் வாதம். நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்குச் செருப்பால் எறிந்தார். இன்னும் சில கிழமை இப்படிக் கிடந்தால் அந்தக் கால்கள் இனி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சுமோ காலைச் சாப்பாடு கொண்டுபோனான். அவர்கள் பேசியது சுவிஸ் ஜேர்மன். அவன் என்னிடம் வந்து சொன்னது இது.

"கிழவன் கேக்குது, முந்தி என்ன வேலை செய்தனி எண்டு. சுமோ எண்டன். அதெல்லாம் மல்யுத்தமோ, கொழுத்த ஆம்பிளையள் கட்டிப்பிடிக்கிறது எண்டார். எனக்கு விசர் வந்திட்டுது அண்ணை. நீங்கள் மட்டும் என்ன, தச்சுப்பட்டறையில விழுந்து உருளுறது எண்டன்."

சண்டை சமையலறை வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் சுமோ ஒரு வேலை செய்தான். நோயாளியை எழுப்பிப் பிடிப்பதற்கு எங்களிடம் அகலமான இடுப்புப் பட்டி உண்டு. அதைக் கிழவருக்குக் கட்டவேண்டும். இவன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் குந்தினான்.

"பிடிச்சுத் தள்ளுங்கோ பாப்பம்."

கிழவரின் கைகள் அவரைக் கேட்காமலே பட்டியைப் பிடித்துவிட்டன. அறுபது வருடத்துக்கு முந்திய பழக்கம். சுமோ மெல்ல நிமிர்ந்தான். கிழவரும் கூடவே நிமிர்ந்தார். தான் நிற்பது தெரிந்ததும் பயத்தில் கத்தினார், ஆனால் பட்டியை விடவில்லை. சுமோ ஓரடி பின்னால் வைத்தான். கிழவர் ஓரடி முன்னால் வைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு ஆட்டம். சுமோவைக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் கிழவருக்கு வெற்றி. நிலத்தில் ஒட்டிய நாடாதான் கோடு. அது நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போனது. கட்டிலடி, யன்னலடி, அறை வாசல், வாசலுக்கு வெளியே உள்ள நீள நடையின் பாதி.

அந்த நேரம் பார்த்துக் கிழவரின் மகள் வந்துவிட்டாள். எண்பத்து மூன்று வயதுத் தகப்பன் முகம் சிவக்கக் கத்திக்கொண்டு நூற்று நாற்பது கிலோ மனிதனோடு மல்லுக்கட்டுவதைக் கண்டாள். நேரே நிர்வாகியிடம் முறைப்பாடு. நிர்வாகி சுமோவைக் கூப்பிட்டு, நாளைக்குப் பதினொரு மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், அவன் வேலையில் இருப்பதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு சொல்வதாகவும் சொல்லிவிட்டாள். அவனுக்கு அப்போது தகுதிகாண் காலம்கூட முடியவில்லை. நான்தான் பொறுக்காமல் கேட்டேன்.

"நாளைக்கு என்னடா தம்பி செய்யப்போறாய்?"

"வேற என்ன, மல்லுக்கட்டப்போறன்."

மறுநாள் நடையில் தேர்த்திருவிழாக் கூட்டம். நிர்வாகி, மகள், செருப்படி வாங்கிய பெண், சமையலறைக்காரர் நாங்கள் எல்லோரும். கோட்டைச் சாப்பாட்டறை வாசலில் ஒட்டியிருந்தான் சுமோ. இதுவரை கிழவர் அவ்வளவு தூரம் போனதில்லை. கிழவர் ஷ்விங்கன்காரர் போடும் பூப்பின்னிய நீலச் சட்டை போட்டு, தலைசீவி, மாப்பிள்ளை மாதிரி வந்து பட்டியைப் பிடித்தார்.

பாதி வழியில் அவர் கால் உதறத் தொடங்கியது. மகள் ஓடி வரப் பார்த்தாள். நிர்வாகி அவள் தோளைப் பிடித்தாள். சுமோவின் இரண்டு கைகளும் கிழவரின் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன, தொடவில்லை.

"முடிஞ்சுதோ? அப்ப நான் வெண்டிட்டன்" என்றான்.

கிழவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. மூச்சை இழுத்துவிட்டுத் தள்ளினார். சுமோவின் குதிக்கால் பின்னால் போனது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. கோட்டைத் தாண்டியது.

நாங்கள் கத்திய கத்தலில் சாப்பாட்டறையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள். கிழவர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சுமோவைத் திரும்பி நிற்கச் சொன்னார். மற்றக் கையால் அவன் முதுகைத் தட்டிவிட்டார். ஷ்விங்கனில் வென்றவன் தோற்றவனின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிடுவது மரியாதை. சுமோவின் முதுகில் ஒரு தூசும் இல்லை. கிழவர் அவசரப்படாமல், தோளிலிருந்து இடுப்பு வரை வடிவாகத் தட்டினார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நிர்வாகி ஒன்றுதான் சொன்னாள்: "இனிமேல் பதினொரு மணிக்கு முதல் இந்த நடையை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம்."

பிறகு நான் சுமோவை ஒதுக்கிக் கேட்டேன், விட்டுக்கொடுத்தாயோ என்று. அவனுக்கு அப்படியொரு கோபம். "விட்டுக்குடுக்கிறதோ? யப்பானில அதுக்குக் கலைச்சுப்போடுவாங்கள்! கிழவன் தள்ளினவர். நான் தோத்தனான். ஏன் அண்ணை அவரின்ரை வெற்றியைப் பறிக்கிறியள்?"

போன வருடம் முழுத் தாதியாகப் படிக்க சூக் நகரப் பக்கம் போய்விட்டான். நான்தான் கூர் ரயில் நிலையத்துக்கு அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடையில் நின்று, "அண்ணை, எல்லாரும் தள்ளிப் பாத்திட்டினம், நீங்கள் ஒருநாளும் தள்ளேல்லை. வாங்கோ" என்றான். சனம் பார்க்கிறது என்று கூச்சமாக இருந்தது. பையை வைத்துவிட்டு இரண்டு கையையும் அவன் நெஞ்சில் ஊன்றித் தள்ளினேன். ஒரு மயிரிழை அசையவில்லை.

"இன்னும் பலமா, அண்ணை."

ரயில் வந்து நின்றது. தள்ளுவதை நிறுத்திவிட்டேன். கையைத்தான் எடுக்க மனம் வரவில்லை.