உலர் ஓட்டம்

ஆங்கிலம் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை, யாரிடமாவது கேட்டுக்கொள்வான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஆபத்து நான்தான்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையை மண்சரிவு அபாயப் பகுதி என்று அறிவித்திருந்த காலம். (மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு, வானம் இருட்டினாலே நாங்கள் மலையைத்தான் பார்ப்போம்.) அதிகாரிகளிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது: சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு 'ட்ரை ரன்'.

தோட்டத் தலைவர் அதை என்னிடம் நீட்டினார். அகராதியைப் புரட்டினேன். 'ட்ரை' என்றால் உலர்ந்த. 'ரன்' என்றால் ஓட்டம். இரண்டையும் சேர்த்தால் வேறு பொருள் வரலாம் என்று தோன்றவே இல்லை. கோயில் சுவரில் எழுதி ஒட்டினேன்: "சனி காலை 8 மணிக்கு உலர் ஓட்டம். மழை பெய்தால் நடைபெறாது." (இரண்டாவது வாக்கியம் கடிதத்தில் இல்லை. என் சொந்தச் சரக்கு.)

சனிக்கிழமை நல்ல வெயில், டயறியில் குறித்திருக்கிறேன். இளவட்டங்கள் அரைக்காற்சட்டையோடு வரிசையில் நின்றார்கள். என் மனைவி மல்லிகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மொத பரிசு என்னாங்க?" என்றாள்.

ஜீப்பில் வந்த அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "வயசானவங்க, நோயாளிங்க எங்க?"

"அவங்களால ஓட முடியாதுங்களே சேர். வீட்லயே இருக்கச் சொல்லிட்டேன்," என்றேன் பெருமையாக.

"தம்பி, ட்ரை ரன்னுன்னா ஒத்திகை. மலை சரிஞ்சா எப்படி வெளியேறதுன்னு பழகிப் பாக்குறது. நீங்க வீட்ல விட்டுட்டு வந்தவங்களுக்காகத்தான் நான் வந்தேன்."

அன்று உண்மையில் ஓடியவன் நான் ஒருவன்தான், வீடு வீடாக. கடைசி வீட்டில் கால் விளங்காத முனியாண்டி மாமா. நாற்காலியோடு அவரை நான்கு பேர் பாதுகாப்பான இடமென்று குறித்திருந்த பள்ளிக்கூடம் வரை தூக்கிப்போனோம். வழியில் கேட்டார்: "மாப்பிள, கடைசியா வந்தாலும் பரிசு உண்டா?"

அடுத்த பெருமழையில், ஒரு மத்தியானம், நிஜமாகவே வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் நால்வரும் போனபோது மாமா மடியில் துணி மூட்டையோடு நாற்காலியில் தயாராக இருந்தார்.

"இது காஞ்ச ஓட்டமா, நனைஞ்ச ஓட்டமா?"

"நனைஞ்சது, மாமா."

"அப்ப சரி. மழை பேஞ்சா நடக்காதுன்னு நீ எழுதி ஒட்டினியே, வராம இருந்துருவியோன்னு பயந்துட்டேன்."

மலை அன்று சரியவில்லை. நாற்காலியின் முன்னங்கால் பக்கம் இன்றுவரை என் பொறுப்பு. வானம் இருட்டும்போதெல்லாம் மல்லிகா குடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பாள்: "இன்னைக்கு நடக்குங்களா, நடக்காதுங்களா?"