இறக்குமதி செய்யப்பட்ட ஞாயிற்றுக்கிழமை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது, எதையும் தானே செய்யாமல் இருப்பதற்கான வழி. அந்த வழியில் திண்டுக்கல் மாவட்டமே எங்கள் நிறுவனத்துக்குப் பின்னால்தான் வருகிறது. பேகம்பூரில் தோல் மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறோம். நிறுவனர் முகமது பாரூக் பாய். அடியேன் 'மொழி மற்றும் ஆவணப் பிரிவின்' தலைவர். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை.

எங்கள் தயாரிப்பு, பூ விவசாயிகளுக்கான செயலி. நாளைக்கு எவ்வளவு பூ வரும் என்று விவசாயி சாயங்காலமே போனில் தட்டிவிட்டால் போதும். விடியலில் எங்கள் வேன் தோட்டத்துக்கே போய் எடுத்து வந்து மார்க்கெட்டில் சேர்த்துவிடும். இதை உருவாக்க இன்ஜினீயர் தப்ரேஸ் பட்ட பாடு சொல்லி மாளாது. பேக்கேஜ் பெயரைத் தட்டுவார், எண்டர் அடிப்பார், டீ குடிப்பார். தேதி பார்க்க ஒரு பேக்கேஜ், வழி காட்ட ஒன்று, வணக்கம் சொல்ல ஒன்று. யாரோ எங்கோ எழுதி வைத்த ஆயத்த நிரல்கள் இணையத்திலிருந்து வரிசையாக இறங்கி வந்து எங்கள் பிராஜெக்டில் உட்காரும். கல்யாணத்துக்கு அழைத்த மாமாவைப் போல, ஒவ்வொன்றும் தன் உறவுக்காரப் பேக்கேஜ்களையும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"பிரிச்சுப் பாக்கக் கூடாதுண்ணே. வேல செய்யுதுல்ல?" என்றார் தப்ரேஸ்.

"செருப்புக் கடக்காரன் மாடு வளக்கிறானாப்பா?" என்று பாய் விளக்கினார். கூட்டத்தில் இருந்த நாங்கள் இருவரும் வெகுநேரம் கைதட்டினோம்.

திங்கட்கிழமை திறப்பு விழா. அந்த வாரம் வேன் ஒழுங்காக ஓடியது. ஞாயிறு வந்தது. பெரிய முகூர்த்த நாள்.

காலை எட்டு மணிக்கு மாடிப்படி முழுக்க மல்லிகை மணத்தது. மூட்டையும் கையுமாக மேலே வந்தவர் கன்னிவாடி நாகஜோதி, எங்களுடைய முதல் வாடிக்கையாளர். எங்களை நம்பி, வழக்கமாக வரும் மினி ஆட்டோவை நிறுத்தியவர். இந்த முகூர்த்தத்துக்கென்றே காத்திருந்து, ஆள் விட்டு, இருட்டோடு பறித்த மொட்டு. பஸ்ஸில் ஒரு மூட்டைக்குத்தான் இடம் கொடுத்தார்களாம். மீதி தோட்டத்தில் கிடந்தது. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை எந்த வியாபாரியும் சீந்தமாட்டார்.

"பாய், வேனு கீழதான நிக்குது? ஏன் வரல?"

தப்ரேஸ் திரையைப் பார்த்தார். "இன்னிக்கு லீவுக்கா. செயலி சொல்லுது."

"லீவா? அப்ப நீங்கள்லாம் எதுக்கு ஆபீசுல இருக்கீங்க?"

"எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழமம்மா," என்றார் பாய் கம்பீரமாக.

"தேதி பேக்கேஜ் செஞ்ச நாட்டுல ஞாயித்துக்கெழம லீவுக்கா. அதான்…"

"முகூர்த்தத்தன்னைக்கு மார்க்கெட்டு எங்கய்யா லீவு விட்டாங்க? அங்கிட்டுப் பாருங்க!" சுவரில் தினசரி காலண்டர். சுபமுகூர்த்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அது செவுத்துல இருக்குக்கா. இறக்குமதி பண்ண முடியாது."

"அப்ப நீங்களே ஒரு வரி மாத்தி எழுதுங்களேன்."

தப்ரேஸின் முகம் வெளிறிவிட்டது. "நாங்க எழுதுறதா?"

"சரி, டிரைவரயாச்சும் அனுப்புங்க. பத்து மணிக்குள்ள கொண்டாந்துட்டா அம்புட்டும் வித்துரும் பாய்."

செயலி சொல்லாமல் வேனை எடுப்பது ஒழுங்கீனம் அல்லவா? பாய் அவசரக் கூட்டம் கூட்டினார். முகூர்த்தம் பார்க்கும் பேக்கேஜ் ஒன்றை இறக்குவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. அது இறங்கியது, உறவுக்காரர்களும் இறங்கினார்கள். பழைய தேதி பேக்கேஜுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. திரை முழுக்கச் சிவப்பெழுத்து. சமாதானம் செய்துவைக்க இன்னொன்றை இறக்கினோம். பள்ளிவாசலில் நண்பகல் தொழுகையான லுஹருக்கு பாங்கு சொன்னபோது, 'வேன் தயார்' என்று செயலி அறிவித்தது. 'மணமக்கள் வாழ்க' என்றும் சேர்த்து அறிவித்தது.

நாகஜோதி மூட்டையை அவிழ்த்து பாயின் மேஜைமேல் கொட்டினார். அத்தனையும் விரிந்திருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"இதுக்கு யாரு பதில் சொல்றது?"

தேதி பேக்கேஜ்காரர் என்றார் தப்ரேஸ். எந்த நாடு என்பது தெரியவில்லை. பாய் என்னைப் பார்த்தார். கடைசியில் என் பிரிவுக்கும் வேலை வந்துவிட்டது. நாகஜோதியின் போனை வாங்கி, செயலியின் அடிப்பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தார்.

"'இச்செயலியால் விளையும் எவ்வித இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பாகாது.'"

போனை மேஜைமேல் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இது மட்டும் சுத்தமா, ஒரு தப்பில்லாம இருக்கேய்யா. இத எந்த நாட்டுலேருந்து எறக்குனீங்க?"

"எறக்கலக்கா," என்றேன் பெருமையாக. "இது ஒண்ணுதான் நாங்களே எழுதுனது."