அமுக்கு, விடாதே!

பிஸ்டன் வெளியே வந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. வெளியே வந்து எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

பூகோள வாத்தியார் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து மெல்லத் தலையை நீட்டினார். மேஜைமேல் அவருடைய பழைய காரின் பிரேக் காலிப்பர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய இரும்புக் கவ்வி அது. உள்ளே துருப்பிடித்துச் சிக்கியிருந்த பிஸ்டனை, டயருக்குக் காற்றடிக்கும் மெஷினை வைத்து வெளியே தள்ளப் பார்த்தார். பிஸ்டனும் சொன்ன பேச்சைக் கேட்டது, கொஞ்சம் அதிகமாகவே.

"ஃபிரிட்ஜ்ல இருக்கு" என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து.

"உள்ளேயா?"

"கதவுல. பாதி உள்ளே, பாதி வெளியே."

வாத்தியார் அர்ச்சனைக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவளோ, "போகட்டும் விடுங்க, ஃபிரிட்ஜ்தானே! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் அவருடைய பெரியப்பா விட்டுப் போனது. பிரேக் சரியானதும், பள்ளிக்கூட லீவு முழுக்க அதில் மனைவியோடு சுற்றுவது என்று முடிவு. கூடத்துச் சுவரில் மாட்டிய தேசப்படத்தில் சிவப்புப் பென்சிலால் வழிகூடப் போட்டாகிவிட்டது. பெரியக்கா வீட்டில் தொடங்கி, கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் வீட்டுக்கு ஒரு வாரம். பெரியக்கா மட்டும் சிரித்தாள். "அந்தத் தகர டப்பா முதல்ல உன் வீட்டு கேட்டைத் தாண்டட்டும்டா!" அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. தலைகீழாக நின்றாவது வண்டியை அக்கா வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

இரண்டு பக்கத்துக் காலிப்பரையும் கழற்றியாகிவிட்டது. பிஸ்டன்களைச் சுற்றிப் போட புது ரப்பர் வளையங்கள் வேண்டியிருந்தன.

"எனக்குத் தெரிஞ்ச ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒண்ணு இருக்குங்க. போன்ல சொல்லி வைக்கிறேன், நீங்க போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

கடைக்காரர் எழுந்து நின்று மரியாதை கொடுத்தார். கையோடு கொண்டுபோன பிஸ்டனில் ரப்பரை மாட்டிப் பார்த்த வாத்தியார், "கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே?" என்று இழுத்தார்.

"ஆயில்ல ஊறினா சரியாயிடும் சார்."

அது ஊறவில்லை, ஒழுகியது. மனைவி பிரேக்கை ஓங்கி மிதித்ததும் ஆயில் பீய்ச்சி அடித்து மட்கார்டை நனைத்தது. துடைப்பதற்குள் பெயின்ட் பொரிந்து, தோல் தோலாக உரிந்து வந்தது.

"அந்தக் கலர் எனக்கு எப்பவுமே பிடிக்கலைங்க" என்று மனைவி தேற்றினாள்.

இரண்டாவது செட் ரப்பர் மகா இறுக்கம். "புதுசில்லையா சார், ஓட ஓட இளகிடும்" என்றார் கடைக்காரர். பிஸ்டனை மரச் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. முதல் மிதியிலேயே காலிப்பர் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. பக்கத்து வீட்டு டெய்லர் வந்து தள்ளிக் கொடுத்தார். வண்டி நகரவில்லை, அவருடைய இடுப்புதான் பிசகியது.

போனில் பெரியக்கா கேட்டாள். "என்னடா, கேட் வரைக்குமாவது வந்துச்சா?"

வாத்தியார் பல்லைக் கடித்தார்.

"இந்த லீவு போனா அடுத்த லீவு வருது. நாம எங்க ஓடிப்போகப் போறோம்?" என்றாள் மனைவி, வெந்நீர்ப் பையோடு டெய்லர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டே.

"விடமாட்டேன்!" என்றார் வாத்தியார்.

மறுபடியும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் இல்லை. கல்லாவில் இருந்த அவருடைய மனைவி பழைய ரப்பரை அளந்து பார்த்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். இந்த முறை பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு சொட்டு ஒழுகவில்லை, எதுவும் இறுகவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி அடிவரை போனது. ஆயில் குழாய்க்குள் காற்று! அதை வெளியேற்ற வேண்டும். மனைவி மிதிக்க மிதிக்க, இவர் காலிப்பரின் சின்னத் திருகைத் திறந்து திறந்து மூடினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"காத்து அதுக்குள்ளேயே குடியிருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி.

வாத்தியார் தரையில் மல்லாந்து படுத்து முறைத்துப் பார்த்தார். திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. அடியிலா? வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கத்திலும், இடதை வலதிலும் மாட்டியிருக்கிறார்! காற்று மேலே போகும் என்று வருஷா வருஷம் ஆறாம் வகுப்புக்குத் தொண்டை வறளப் பாடம் எடுத்த மனுஷன், அதைக் கீழ்வழியாக வெளியேற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று துள்ளி எழுந்ததில் தலை மட்கார்டில் இடித்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

"நிஜமாவா?" என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினார். இப்போது திருகு மேலே இருந்தது. மனைவி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்கு! விடாதே!"

குமிழிகள் புசுபுசுவென்று வந்தன. திருகை மூடினார். "விடு. அமுக்கு! விடாதே!" அப்புறம் குமிழியே இல்லை, சுத்தமான ஆயில்.

"எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குங்க" என்றாள் அவள். குரல் நடுங்கியது.

வாத்தியார் மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டார். ஃபிரிட்ஜ் போய், பெயின்ட் போய், முணுமுணுக்காமல் கூடவே நின்று மிதித்தாளே! இப்படியொரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்? பெரியக்கா வீட்டில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"கடைசியா ஒரு தரம். அமுக்கு... நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கவே கூடாது!"

அந்த நேரம் பார்த்து பானட்மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது.

"நான் எடுக்கிறேங்க!" என்று அவள் பதறினாள்.

"காலை எடுக்காதேன்னு சொன்னேன்ல? காத்து உள்ளே போயிடும்! நீ அப்படியே பேசு." வாத்தியார் ஒரு கையால் திருகைப் பிடித்தபடி, எண்ணெய் வழிந்த மறுகையால் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் குரல் கார் ஷெட் முழுக்கக் கேட்டது.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நான் கடையில இல்லாத நேரமாப் பார்த்து சார் வந்திருக்கார். என் வீட்டுக்காரி விஷயம் தெரியாம, சரியான சைஸையே எடுத்துக் குடுத்துட்டா!"