சாமி மலையேறிய கதை

எங்கள் ஊர் விருத்தாசலத்தின் பெயரிலேயே மலை இருக்கிறது, ஊரில்தான் இல்லை. பழமலை என்று பெருமையாகச் சொல்வோம். வெளியூர்க்காரர் யாராவது "மலை எங்கங்க?" என்று கேட்டால் கோயிலைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், மலையேறுவது நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினேன்.

தங்கை கலைச்செல்வியை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்த புதிது. அவள் மாமியார் அதிகம் பேசாதவர். இவளோ நிழலைக் கண்டாலே பயப்படுகிறவள். போனில் கிசுகிசுப்பாள்: "அண்ணே, அத்தை கோவமா இருக்காங்களா, சும்மா இருக்காங்களான்னே தெரியல. மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரி இருக்குது." குரலில் அழுகை முட்டிக்கொண்டு நிற்கும். எனக்குச் சாப்பாடு இறங்காது.

மகனுக்குக் கல்யாணமானால் ஜோடியோடு பர்வதமலை ஏறுவதாக அந்த அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். சேதி தெரிந்ததும், "பொண்ணு வூட்டு சார்பா நானும் வரேன்" என்று கிளம்பினேன் (யாரும் கூப்பிடவில்லை). நம் வீட்டு ஆட்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று காட்டிவிட்டால், தங்கைக்கு அங்கே மரியாதை கூடும் என்பது என் திட்டம்.

என் மனைவிதான், "ஏங்க, மாடிக்குத் துணி காயப்போட அனுப்பினாலே பாதிப் படியில உக்காந்துடறீங்க" என்றாள். பீங்கான் கம்பெனியில் பொம்மைகளை வைக்கோல் வைத்து, உடையாமல் பெட்டியில் அடுக்குகிற வேலை எனக்கு. நாள் முழுக்க உட்கார்ந்தபடிதான். ஆனாலும் விடவில்லை. "சூளையில வெந்த உடம்புடி இது!" என்றேன்.

அடிவாரத்துப் படிகளில் நான்தான் முன்னால். திரும்பித் திரும்பி, "மெதுவா வாங்க அத்தை, அவசரமில்ல" என்று உபதேசம் வேறு. கொஞ்ச நேரத்தில் அத்தை எனக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு எனக்கு முன்னால் போனார். பிறகு மேலே எங்கோ அவருடைய மஞ்சள் புடவை மட்டும் தெரிந்தது.

படிகள் முடிந்து கரடுமுரடான பாறை தொடங்கியது. என் நெஞ்சுக்குள் ரைஸ்மில் ஓடியது. நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே? இயற்கையை ரசித்தேன். போட்டோ எடுத்தேன். அதுவும் அலுத்தபோது குனிந்து, "கயிறு அவுந்துடுச்சு, நீங்கல்லாம் போங்க" என்றேன். எனக்காகக் காத்து நின்ற அத்தை என் காலைப் பார்த்தார்.

"செருப்புக்கு ஏதுங்க தம்பி கயிறு?"

மாப்பிள்ளை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்து வந்தது கடப்பாறைப் பாதை. செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். நானும் பாதி தூரம் ஏறி, செய்யக்கூடாததைச் செய்தேன். கீழே பார்த்தேன். ஊர்களெல்லாம் எங்கள் கம்பெனி அகல்விளக்கு மாதிரி சிறுத்துக் கிடந்தன. அவ்வளவுதான். சங்கிலியைக் கட்டிப்பிடித்தேன். கண்ணை இறுக்கிக்கொண்டேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது. தெரிந்த சாமி பெயரையெல்லாம் அலறினேன்.

எனக்குப் பின்னால் வரிசை அப்படியே நின்றது.

"யாருங்க அது, வழிய மறிச்சிக்கிட்டு?"

"பாத்தா தெரியல? சாமி வந்துருக்குது!"

"அரோகரா!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ முகத்தில் விபூதியை அப்பினார்கள். பாதி வாய்க்குள் போனது. பின்னால் நின்ற ஒரு அம்மா என் காலைத் தொட்டு, "சாமி, பொண்ணுக்கு ரொம்ப நாளா மாப்பிள்ள தேடறோம். எந்தத் திக்குலேர்ந்து அமையும்?" என்றார்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். "கீழ... கீழ..." என்று அழுதேன்.

"கீழத் திக்காம்! கீழத் திக்காம்!" என்று வரிசையின் கடைசிவரை செய்தி இறங்கியது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் போர்வெல் எங்கே போடலாம் என்று ஆரம்பித்தார்.

அப்போது மேலேயிருந்து அத்தை இறங்கி வந்தார். என் காதருகே குனிந்து, "பயமா இருக்குதா தம்பி?" என்று கேட்டார். தலையாட்டினேன். சங்கிலியிலிருந்து என் விரல்களைக் குழந்தைக்குச் செய்வதுபோல் ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்:

"வழி வுடுங்க! சாமி மலையேறப் போவுது!"

அருள் வந்தவரை விட்டுச் சாமி விலகுவதையும் அப்படித்தானே சொல்வோம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கும்பிட்டபடி ஒதுங்கினார்கள்.

மேலே தங்கை நின்றிருந்தாள். விபூதி பூசிய என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமியார் எதிரே சிரிக்கலாமா என்ற பயம். அந்த நேரம் பார்த்து அத்தையின் முகம் கோணியது. "கீழ... கீழன்னாரு... அவங்க..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் மருமகள் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அவளும் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சந்நிதி வரைக்கும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

நான் மலையிறங்கிய விதத்தை விவரிக்க விரும்பவில்லை. பெரும்பாலும் உட்கார்ந்தபடியே இறங்கினேன் என்பது போதும். திரும்பும் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். இடமிருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன் (பேண்ட்டின் நிலைமை அப்படி).

இப்போது தங்கையின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். அந்த வீட்டில் எதிலாவது இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் எனக்குத்தான் போன் வரும். போன வாரம் பீரோவை எந்தப் பக்கம் வைப்பது என்று தகராறு.

"சாமி, கீழயா மேலயா?" அத்தையின் குரல். பின்னால் தங்கையின் சிரிப்பு.

கம்பெனியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "கீழ" என்றேன்.

"அரோகரா!" என்று போனை வைத்துவிட்டார்கள்.