அளவு நோட்டும் ஊர் வாயும்

அன்புள்ள மச்சானுக்கு, அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், கடைக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அவ்விடத்தில் உன் சௌக்கியமும் உன் கம்ப்யூட்டரின் சௌக்கியமும் அறிய ஆவல்.

போன மாதம் நீ போனில், "மாமா, ஏஐ எழுதித் தர்ற புரோகிராமைத் தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டாம வெளிய விடாதீங்க. நல்லா ஓடும், ஆனா பூட்டு இருக்காது" என்றாய். நான் சிரித்தேன். முப்பது வருஷமாகக் கோட்டு தைக்கிறவனுக்கு நேற்று மீசை முளைத்தவன் புத்தி சொல்வதா? துணி தயாரா என்று வாடிக்கைக்காரர்கள் ரசீது நம்பரைப் போட்டுப் போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான். ஏஐயும் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டது. "பத்திரமா இருக்குமா?" என்று கேட்டேன். "மிகவும் பாதுகாப்பானது" என்றது. அதற்குமேல் சந்தேகப்பட நான் என்ன போலீஸா? அளவு நோட்டை அப்படியே ஏற்றிவிட்டேன், ஓரத்தில் எனக்காக மட்டும் கிறுக்கி வைத்த குறிப்புகளோடு.

மூன்றாம் நாள் சலூன்காரர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, என் ரசீது நம்பரைத் தப்பாத் தட்டிட்டேன். ஹெட்மாஸ்டர் அளவெடுக்கறப்ப வயித்தை எக்கிக்கிட்டு நிப்பாராமே? ரெண்டு இஞ்ச் கூட்டி வெட்டணுமாமே?" கத்தரிக்கோலை வச்சுட்டு நானே நாலு நம்பரைத் தட்டிப் பார்த்தேன். எந்த நம்பரைப் போட்டாலும் அந்த ஆளோட வண்டவாளம் வந்து நிக்குது மச்சான்! சலூனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. வக்கீலுக்கு ஒரு தோள் இறக்கம், பஞ்சு வச்சுத்தான் தூக்கியிருக்குன்னு சாயங்காலத்துக்குள்ள கோர்ட்டே பேசுது. ஏஐகிட்டக் கத்தினேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி"ன்னு மன்னிப்புக் கேட்டு ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துச்சு. அந்தப் பாஸ்வேர்டையும் அதே பக்கத்துக்குள்ள எழுதி வச்சிருக்கு. மருந்துக்கடைக்காரர் மக ரெண்டே நிமிஷத்துல எடுத்துட்டா. பூட்டைப் பூட்டிச் சாவியை அதுலயே தொங்கவிட்டா வேறென்ன ஆகும்?

மறுநாள் வாசல்ல ஏழு பேர். "என் துணியைக் குடுய்யா"ன்னார் ஹெட்மாஸ்டர். கேஸ் போடுவேன்னார் வக்கீல். நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு கேட்டேன்: "எழுதினதுல ஒண்ணாவது பொய்யா? வாங்க, இங்கேயே டேப்பு வச்சு அளந்துடலாம்!" ஒருத்தரும் முன்னால வரலை. ஆனா ஏழு பேரும் துணியைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். யார் கால்லயும் விழமாட்டேன். புரோகிராமையும் நிறுத்தமாட்டேன். உன் உதவியும் வேண்டாம். "நான் அப்பவே சொன்னேன்"னு ஆரம்பிச்சே, போனை வச்சிடுவேன்.

நோய்நொடி அண்டாமல், சட்டைப் பொத்தான் தெறிக்காமல் நீ நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
யாருக்கும் தலைகுனியாத உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா போனும் கையுமாக வந்தாள். ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் போட்டுப்போகும் கோட்டின் அளவுக்கு எதிரே, "பெருத்திருக்கிறாள், கேட்டால் பழைய அளவையே சொல்லவும்" என்று எழுதியிருக்கிறேனாம். அளவு டேப்பை என் முன்னால் போட்டுவிட்டு, "வாங்க, அளந்துடலாம்" என்கிறாள். மச்சான், இந்தச் சனியனை எப்படி நிறுத்துவது? முதல் பஸ்ஸில் வா.