எண்பத்தெட்டு காவல் முடிச்சுகள்

வரிசை தெருமுனை வரை போயிருந்தது. எங்கள் பொதுத் தோட்டத்தில் மொத்தமே இருபத்திரண்டு பாத்திகள்தான். பாத்திக்காரர்கள் நின்றதில் நியாயம் உண்டு. பாத்தியே இல்லாத ஏழெட்டுப் பேர் எதற்கு நின்றார்கள் என்று கேட்காதீர்கள். வரிசையைக் கண்டால் நின்றுவிடுவது நம் கொள்கை.

உள்ளே, தண்ணீர்க் குழாயடியில் எல்லைக்கட்டு ஐயா வீற்றிருந்தார். ஆறு மாதம் முன்பு வரை வீடு வீடாகக் கொசுவர்த்தி விற்றவர். கொசுவை விரட்டியவருக்கு மனிதரை விரட்டத் தெரியாதா என்ன?

எங்களுக்கு விரட்ட ஆள் இருந்தது. பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள். பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்குவழி என்று எங்கள் கேரட் நாற்றின் மேல் நடப்பார்கள். நாயைக் கூட்டிவந்து கீரைப் பாத்தியில் விடுவார்கள். போகிறபோக்கில் நாலு தக்காளி. கேட்டால், "பொதுத் தோட்டம்தானே? நாங்களும் பொதுமக்கள்தானே?" என்பார்கள். 'உள்ளே வராதீர்' என்று பலகை வைத்தோம். அதில் கால்மிதி காயப்போட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஐயா வந்தார். அவர் தரும் சிவப்புத் துணி முடிச்சுகளைப் பாத்தியின் நாலு மூலையிலும், மூலைக்கு ஒன்றாகப் புதைக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

"கெட்ட எண்ணத்தோட எல்லை தாண்டுறவனுக்கு மூணு நாளுக்குள்ள கை அரிக்கும். அரிச்சா அவன்தான் திருடன்" என்றார்.

"எவ்வளவு தரணும்யா?"

"காசெல்லாம் வேணாம். எல்லாப் பாத்தியிலயும் முதல் பறிப்பு எனக்கு."

பக்கத்து வீட்டுக்காரன் நாலு தக்காளி எடுத்தால் திருட்டு. ஐயா கூடை நிறைய எடுத்தால் காவல். இந்தக் கணக்கு எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது. எனக்கும்தான். பதினாலாம் பாத்தியில் நாலு முடிச்சை என் கையாலேயே புதைத்தேன்.

அடுக்குமாடிக்காரர்கள் வழக்கம்போல நடந்தார்கள். தங்களுக்கு எதிராகக் கட்டுப் போட்டிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பயந்தது நாங்கள். நம் எண்ணம் நல்ல எண்ணம்தானா என்று யாருக்கு உறுதியாகத் தெரியும்? எதற்கு வம்பு என்று சொந்தப் பாத்திக்குள் கால் வைப்பதை நிறுத்தினோம். வெளியே நின்று தண்ணீர் அடித்தோம், கை எட்டியதைப் பறித்தோம். களை முழங்கால் உயரம் வளர்ந்தது.

கடைசியில் கை அரித்த ஆள் ஒன்று கிடைத்தது. ஒன்பதாம் பாத்திக்காரி. கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். அந்தப் பாத்திக்காக மூன்று வருடம் காத்திருந்தாள். அவள் வீட்டில் ராத்திரிக்குக் காய் என்றால் அதில் காய்த்ததுதான்.

"பாத்தியக் காலி பண்ணிடும்மா" என்றார் செயலாளர். தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பதினஞ்சு வருஷமா சோப்புத் தண்ணியில கிடக்கிற கை சார். அரிக்காம என்ன செய்யும்?"

"அதெல்லாம் வேணாம். அரிக்குதா, இல்லையா?"

"அரிக்குது."

"அப்ப முடிஞ்சது. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

முழங்கையைச் சொறிந்துகொண்டே காலி செய்யும் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் கத்தரிச் செடிகளைப் பார்த்து அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாத்தனார் வந்தாள். சைக்கிள் கடை வைத்திருப்பவள். அண்ணியோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. கையில் கனமாக ஒரு பை.

"ஐயா, எந்தப் பாத்தியில கட்டு இருக்கு, எதுல இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உள்ளங்கை சொல்லும்மா. கட்டு இருந்தா கொதிக்கும்."

"நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை மத்தியானம் முடிச்சத் தோண்டி எடுத்திருக்கேன். எதெதுலன்னு உங்க கையைக் கேட்டுச் சொல்லுங்க."

ஐயா கண்ணை மூடி, கையை நீட்டி, பாத்தி பாத்தியாக நடந்தார். செயலாளர் பாத்தியில் கையை வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டார். ஒன்பதாம் பாத்தியில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க மட்டும்தான் கட்டு அறுந்திருக்கு. பாக்கி இருபத்தொண்ணும் கொதிக்குது."

நாத்தனார் பையைக் கவிழ்த்தாள். சிவப்பு முடிச்சுகள் கொட்டின. எண்பத்து நாலு.

"இருபத்தோரு பாத்தியிலயும் எடுத்துட்டேன். அண்ணி பாத்தியை மட்டும் தொடல. தோண்டிப் பாருங்க."

தோண்டினோம். நாலு மூலையிலும் நாலு முடிச்சு பத்திரமாக இருந்தன. அவள் ஒன்றை அவிழ்த்தாள். உள்ளே கொசுவர்த்திச் சுருளின் உடைந்த துண்டு. எல்லாவற்றிலும் அதேதான். விற்காமல் தங்கிப்போன சரக்கு.

"கெட்ட எண்ணத்தோடதான் உள்ள போனேன். இருபத்தோரு எல்லை தாண்டியாச்சு, மூணு நாளும் ஆச்சு" என்று கைகளை விரித்துக் காட்டினாள். கிரீஸ் இருந்தது, அரிப்பு இல்லை. "சார், நீங்க எதுக்கு இவ்வளவு நேரமாச் சொறியறீங்க?"

செயலாளர் கையைப் பின்னால் மறைத்தார். "வெண்டைக்கா பறிச்சேன்மா. அந்தச் சொனை."

"உங்க கை அரிச்சா வெண்டைக்கா, அண்ணி கை அரிச்சா திருட்டா?"

ஐயாவைத் திரும்பிப் பார்த்தோம். ஆளைக் காணோம். அன்றைய முதல் பறிப்புக் கூடையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்.

செயலாளர் தாம் எழுதிய தாளைக் கிழித்தார். ஒன்பதாம் பாத்திக்காரி நாத்தனாரிடம் வந்தாள். "என்கூடப் பேசறதே இல்ல, இதுக்கு மட்டும் ஏன் வந்தே?"

"நம்ம சண்டை அப்படியே இருக்கட்டும் அண்ணி. பாத்தி வேற விஷயம்."

பிறகு அவள் குழாய்க்குப் பின்னால் கையைக் காட்டினாள். வேலியில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை. அடுக்குமாடிக்காரர்கள் வந்து போன வழி. ஐயா அத்தனை நாளும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். நாங்களும் அத்தனை நாளும் ஐயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பலகை, ஒரு டஜன் ஆணி, அரை மணி நேரம். மறுநாள் முதல் கேரட்டின் மேல் கால் விழவில்லை.

பலகை அடிக்கும்போது செயலாளர் குழைந்துகொண்டு வந்தார். "உங்க கை ராசியான கைம்மா. முதல் ஆணியை நீங்க தொட்டுக் குடுத்தா..."

அவள் சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டாள்.

என் நாலு முடிச்சுகளும் இப்போது மேஜை மேல்தான் இருக்கின்றன. ஒரு முடிச்சை அவிழ்க்க மூன்று விநாடி ஆகிறது. இருபத்திரண்டு பேருக்கு அந்த மூன்று விநாடி கிடைக்கவில்லை. உங்கள் கையிலும் யாராவது ஒன்றைத் திணித்து, அவிழ்க்காதே என்றால், அவர் எதிரிலேயே அவிழ்த்துவிடுங்கள்.