பூக்கட்டிக் கேட்ட கார்

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வச்சிருங்க பூசாரி."

விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த மாரியம்மன் கோயில் பூசாரி மாதையன், தூண்டுவதை நிறுத்திவிட்டுச் சந்திரமோகனைப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் பூக்கட்டிப் போடுகிறவர் அவர். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ, எடுத்தது எதுவோ அதுவே ஆத்தாளின் உத்தரவு. கல்யாணம், கிணறு, கோர்ட்டு வழக்கு என்று எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலையும் கையோடு கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான்.

"ரெண்டுலயும் செவப்ப வச்சிட்டு அப்புறம் ஆத்தாவ எதுக்குத் தம்பி கேக்கணும்?"

"கேட்ட மாதிரி இருக்கணும்ல!"

கடத்தூரில் சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருக்கும் சந்திரமோகனுக்கு நாற்பத்து நாலு வயது. டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கு இருபத்திரண்டு வயது. தொப்பூர் கணவாயில் அவர் உட்கார்ந்திருந்த பஸ்ஸை அப்படி ஒரு கார் விசிலடித்துக்கொண்டு முந்திப் போன அன்று பிறந்த ஆசை அது. புது வண்டி அவருக்கு எட்டாது. பழசு எட்டும். வினை என்னவென்றால், ஒன்றுக்கு இரண்டாக எட்டிவிட்டது.

ஒன்று, பெங்களூரில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்த சிவப்பு ஜெர்மன் வண்டி. பதினாறு வருஷப் பழசு, இரண்டே சீட். இன்னொன்று, சேலத்தில் ஒரு நூல் மில்காரர் வைத்திருந்த வெள்ளை ஜப்பான் வண்டி. பதினெட்டு வருஷம், நாலு சீட். சிவப்பு, மிதித்த உடனே சீறும். வெள்ளை, மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும், பிறகு பாயும். சந்திரமோகனும் எட்டு மாதமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தார். பாய்ச்சலைத்தான் காணோம்.

அவர் மனைவி கனிமொழி ரேஷன் கடையில் பில் போடுபவள். பருப்பா, பாமாயிலா என்று வரிசையில் நின்று யோசிப்பவர்களைப் பதினைந்து வருஷமாகச் சமாளித்தவள்.

"இங்க பாருங்க, ஞாயித்துக்கெழம பூக்கட்டிக் கேக்கறோம். செவப்பு வந்தா செவப்பு வண்டி, வெள்ள வந்தா வெள்ள வண்டி. அன்னிக்கும் முடியலன்னா ரெண்டும் வேணாம். அதுக்கப்புறம் நம்ம வூட்டுக்குள்ள டர்போங்கற பேச்சே வரக்கூடாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

கெடு வைத்த அந்த நிமிஷமே சந்திரமோகனுக்குத் தன் மனசு தெரிந்துபோயிற்று. சிவப்புதான். அதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆத்தாளே சொன்னதாக ஆகிவிட்டால், நாளைக்கு வண்டி நடுரோட்டில் நின்றாலும் பழி தன் தலையில் விழாது என்று யோசித்து, வியாழக்கிழமை காலையிலேயே கோயிலுக்கு வந்துவிட்டார்.

"ஒரு ரோல் பைப் அனுப்பறேன் பூசாரி. நந்தவனத்துக்குச் சொட்டுநீர் போட்டுக்கங்க."

மாதையன் கோயிலுக்குப் பின்னால் இருந்த அரளிச் செடிகளைப் பார்த்தார். குடம் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது.

"ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

பிடி கொடுக்காத பதில்தான். சந்திரமோகன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நிசார் அகமது போன் செய்தார். தருமபுரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். இரண்டு வண்டிகளையும் கூடவே வந்து பார்த்தவர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் செவப்பு தரையிலேருந்து நாலு விரல் உசரந்தான் இருக்கு. உங்க தெருவுல எத்தன ஸ்பீடு பிரேக்கர்?"

"ஏழு பாய்."

"எல்லாம் பஞ்சாயத்துல போட்டதா?"

"ரெண்டுதான் பஞ்சாயத்து. மிச்சம் அஞ்சும் அவங்கவங்க வூட்டு முன்னாடி அவங்கவங்களே போட்டுக்கிட்டது."

"அப்ப வண்டி மெயின் ரோட்டுலயே நிக்கும். நீங்க வூட்டுக்கு நடந்து போயிக்கலாம்."

சந்திரமோகன் போனை வைத்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கு ஓடினார்.

"பூசாரி, ரெண்டுலயும் வெள்ள வச்சிருங்க."

"நேத்து செவப்புன்னீங்களே?"

"அது நேத்து. இன்னொரு ரோல் அனுப்பறேன்."

சனிக்கிழமை காலையில் பெங்களூர் டாக்டர், சிவப்பு வண்டியை ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினார். சந்திரமோகன் கடையில் உட்கார்ந்து அதைப் பதினோரு தடவை கேட்டார். பைப் வாங்க வந்த விவசாயி ஒருவர், "மோட்டார் நல்லாருக்கே, எத்தன எச்.பி.?" என்று விசாரித்தார். ஸ்பீடு பிரேக்கர் என்ன பெரிய ஸ்பீடு பிரேக்கர், பலகை போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மறுபடியும் மொபெட். மறுபடியும் கோயில்.

"செவப்பு."

மாதையன் மண்வெட்டியைக் கீழே போட்டார். இடுப்பளவு மண்ணும் சேறுமாக இருந்தார்.

"இது ஆத்தா கோயிலா, ஓட்டலா தம்பி? ஆர்டர மாத்திக்கிட்டே இருக்கீங்க! நீங்க குடுத்த பைப்பப் பதிக்கலாம்னு மண்ண வெட்டினேன். வெள்ளரளி மொத்தமும் வேரோட வந்திருச்சு. வெள்ளப் பூவுக்கு வழியில்லாம பக்கத்துத் தோட்டத்துல சம்பங்கி சொல்லி வச்சிருக்கேன். இப்ப வந்து வெள்ளையே வேணாங்கறீங்க!"

"இன்னொரு ரோல்..."

"அனுப்புங்க" என்றார் மாதையன் அலுப்போடு.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, கனிமொழி சுவரைப் பிடித்தபடி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றே பில் போடுகிற இடுப்பு. சந்திரமோகனுக்குப் பெங்களூரில் நடந்தது ஞாபகம் வந்தது. சிவப்பு வண்டிக்குள் அவள் உட்காரவில்லை, கிணற்றில் இறங்குவதுபோல இறங்கினாள். ஒரு சுற்றுப் போய் வந்ததும் அவரும் நிசாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். வண்டியில் இடமில்லாததால் அவர்களுடைய ஒன்பது வயது மகள் காவியா, அவ்வளவு நேரமும் நிசாரோடு டீக்கடையில் உட்கார்ந்து வறுக்கி தின்றுகொண்டிருந்தாள். சேலத்து வெள்ளை வண்டியிலோ கனிமொழி ஓமலூர் வருவதற்குள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

"ஏங்க, என்னைய நெனச்சு யோசிக்காதீங்க. நாளைக்கு எது வந்தாலும் எனக்குச் சம்மதந்தான்" என்றாள், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டின மனைவியைக் கிணற்றில் இறக்கி ஏற்றவா இந்த ஆசை என்று வெட்கமாக இருந்தது. கொல்லைப்புறம் போய் மாதையனுக்குப் போன் போட்டார்.

"பூசாரி, வெள்ள. இதுதான் கடைசி. சாமி சத்தியமா."

"பைப்பு?"

"அனுப்பறேன்."

போனை வைத்த பிறகு, அந்தச் சிவப்பு வண்டிச் சத்தத்தை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்தார். அழிக்கும்போது கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் குளித்துக் கோயிலுக்கு வந்தார்கள். நிசாரும் வந்து மரத்தடியில் நின்றுகொண்டார். முடிவு தெரிந்ததும் வண்டி எடுக்கக் கூடவே போக வேண்டுமே. மாதையன் தினத்தாளில் சுருட்டிய இரண்டு பொட்டலங்களை ஆத்தாள் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். கள்ளங்கபடம் இல்லாத குழந்தைதான் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"வா பாப்பா. ஆத்தாவ நல்லா வேண்டிக்கிட்டு எடு."

காவியா மண்டியிட்டாள். குனிந்தாள். மூக்கு பொட்டலத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் என்று வெகுநேரம் கும்பிட்டாள்.

"இந்தக் காலத்துல இந்த வயசுல இவ்வளவு பக்தியா!" என்று மாதையனே நெகிழ்ந்து போனார்.

அவள் வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். சம்பங்கி.

சந்திரமோகன் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த ஆச்சரியத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். அங்கே நிஜமான ஆச்சரியம் நின்றுகொண்டிருந்தது.

"என்ன பூசாரி இது? நேத்து சாயங்காலம் நான் உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?" என்றாள் கனிமொழி.

"நீ என்ன சொன்ன?" என்றார் சந்திரமோகன்.

மாதையன் மற்றப் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினார். சிவப்பு அரளி.

"நீங்க நாலு தடவ மாத்தி மாத்திச் சொல்லி, கடேசியில ரெண்டுலயும் வெள்ளைன்னீங்க. உங்க வூட்டம்மா உங்களுக்குத் தெரியாம வந்து ரெண்டுலயும் செவப்புன்னாங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது? எப்பவும் போல ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ள வச்சிட்டேன். என்னமோ ஆத்தா சொல்லட்டும்னு."

சந்திரமோகன் மனைவியைப் பார்த்தார். "நீ எதுக்குச் செவப்பு கேட்ட? அதுல உக்காந்தா உனக்கு எந்திரிக்கக்கூட முடியாதே!"

"அந்த வண்டியில உக்காந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல" என்றாள் கனிமொழி. "நீங்க எதுக்கு வெள்ள கேட்டீங்க?"

"உன் இடுப்புக்குத்தான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வை அவர்கள் பார்த்துக்கொண்டது இல்லை. மரத்தடியில் நின்ற நிசார் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாம ரெண்டு பேரும் என்னென்னமோ தில்லுமுல்லு பண்ணியும், ஆத்தா நேர்மையா அவ வாக்கச் சொல்லிட்டா பாத்தியா!" என்றார் சந்திரமோகன், கன்னத்தில் போட்டுக்கொண்டு. அங்கிருந்தே சேலத்து மில்காரருக்குப் போன் செய்து, வண்டி எடுக்க வருவதாகச் சொன்னார். பெங்களூர் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். மனசு லேசாகிவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

"கண்ணு, நீ கும்பிட்டப்ப ஆத்தா உன் காதுல என்ன சொன்னா?"

காவியா சம்பங்கியை மூக்கில் வைத்து இன்னொரு தரம் இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லலப்பா, சம்பங்கி வாசன எதுல வருதுன்னு மோந்து பாத்து நான்தான் எடுத்தேன், அந்தச் செவப்பு வண்டியில எனக்குச் சீட்டே இல்லல்ல?"